கல்யாண வெப்சைட்டுக்கும் மணக்கோலம் உண்டு, தெரியுமா?

மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும், தெரியுமா? வாசலில் ஆரத்தி சுற்றுகிற ஒவ்வொரு அத்தைக்கும் இது தெரியும். ரத்தச் சிவப்பு! மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். சுண்ணாம்பின் காரம் பட்டதும் அது சிவந்துவிடும். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் நிறம் மாறியதைப் பார்த்து வாயைப் பிளந்தோமே, அதே ரசாயனம்தான் தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு வாசல்படியில் நடந்துகொண்டிருக்கிறது. அப்படியானால், கல்யாணப் பத்திரிகையின் மஞ்சளும் ஆரத்தித் தட்டின் சிவப்பும் ஒரே கிழங்கிலிருந்து பிறந்தவை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்தச் சிலிர்ப்பு வந்தது ஒரு கல்யாண வேலையில். அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே வேலை, கல்யாணத்துக்கென்று ஒரு வெப்சைட். அதற்கு ஒரு தீம். நானும் அவளும் நான்கு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். வெளிர் ரோஜா, யூகலிப்டஸ் இலை, வெள்ளைப் பின்னணியில் மெல்லிய தங்க எழுத்து என்று ஒன்றை ஒன்று மிஞ்சும் அழகு! ஆனால் எங்கள் வீட்டுப் பெயர்களைப் போட்டுப் பார்த்தால், யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு நாங்கள் விருந்தாளியாகப் போன மாதிரி இருந்தது. ஏன் அப்படி என்று தோண்டப் போன இடத்தில்தான் இத்தனை ஆச்சரியங்களும் கிடைத்தன.

உலகத்தின் முதல் வெப்சைட்டுக்கு எந்த அலங்காரமும் கிடையாது, தெரியுமா? 1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கியது அது. படம் இல்லை, பூ இல்லை, வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். பக்கத்துக்கு ஒப்பனை செய்யத் தனியாக ஒரு மொழி வேண்டும் என்று ஹோகோன் வியூம் லீ யோசனை சொன்னது 1994 அக்டோபரில். சிஎஸ்எஸ் என்ற அந்த ஒப்பனை மொழி 1996 டிசம்பரில் அதிகாரபூர்வ வடிவம் பெற்றது. உள்ளே இருக்கும் விஷயம் ஒரு கோப்பில், மேலே உடுத்தும் அழகு இன்னொரு கோப்பில். தீம் என்கிற எண்ணமே இந்தப் பிரிவினையிலிருந்து பிறந்ததுதான்!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகத்துக்குக் காட்டியவர் டேவ் ஷே. 2003இல் அவர் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தில் ஒரே ஒரு பக்கம்தான். அதன் எழுத்தில் ஒரு வரியையும் தொடக்கூடாது, ஒப்பனையை மட்டும் மாற்றலாம் என்பது விதி. எங்கெங்கிருந்தோ வடிவமைப்பாளர்கள் அனுப்பினார்கள்: ஒன்று ஜப்பானியத் தோட்டம் போல, ஒன்று பழைய செய்தித்தாள் போல. உடம்பு ஒன்றுதான், கோலம் வேறு வேறு! நம் மொழியில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே. அலங்கரித்து மணவறையில் உட்காரவைத்தால் மணக்கோலம், அதே பெண் அடுத்த வாரம் அடுப்படியில் நின்றால் வேறு கோலம். தீம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் தீம் மாற்றும் வசதி வந்தது 2005இல். இன்று உலகத்து வெப்சைட்டுகளில் நூற்றுக்கு 40க்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. அதனால்தான் சேலை மாற்றுவது போலத் தீமை மாற்றிப் பார்க்க முடிகிறது.

நிறத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது.

உங்கள் போன் திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. வெப்சைட்டில் ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டிக் குறைக்கலாம். பெருக்கிப் பாருங்கள்: 1,67,77,216 நிறங்கள்! இவற்றில் வெறும் 148 பெயர்களுக்குத்தான் சிஎஸ்எஸ் மொழியில் இடம். தக்காளிக்கு உண்டு, சாக்லேட்டுக்கு உண்டு, கோதுமைக்கு உண்டு, ‘இந்தியச் சிவப்பு’ என்று செம்மண் சாயல் ஒன்றுக்குக்கூட உண்டு. நம் மஞ்சள் கிழங்குக்கும் குங்குமத்துக்கும் கிடையாது! அந்த 148இல் ஒரு ஊதா, ஒரு குழந்தையின் பெயர் தாங்கியது. சிஎஸ்எஸ் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த எரிக் மேயர், 2014இல் தன் ஆறு வயது மகள் ரெபெக்காவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவளுக்குப் பிடித்த ஊதாவுக்கு அவள் பெயரையே வைத்து இணையத்தின் விதிமுறையிலேயே சேர்த்துவிட்டார்கள் அவருடைய துறைக்காரர்கள். இன்றைக்கு எந்தப் பிரவுசரைத் திறந்தாலும் அந்தப் பெயர் அதற்குத் தெரியும். தீம் நிறங்களைப் புரட்டும்போது அந்த ஊதா கண்ணில் பட்டால் ஒரு நொடி நிற்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை.

நம் நெசவாளிகள் வைத்த பெயர்களைக் கேளுங்கள்! அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயத்தோல், எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் ‘எம்.எஸ். புளூ’. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தீமுக்கு நிறம் தேடினோம். எல்லாம் கிடைத்தது, மயில்கழுத்தைத் தவிர. ஏன் தெரியுமா? மயில்கழுத்து ஒரு நிறமே இல்லை! பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையும் இழைக்கு இழை மாறி மாறிக் கிடப்பதால், சேலை அசையும்போது ஒரு பக்கம் நீலம் மின்னும், மறுபக்கம் பச்சை மின்னும். நேராகப் பார்த்தாலும் சாய்த்துப் பார்த்தாலும் ஒரே நிறத்தைக் காட்டும் திரைப்புள்ளியால் அது முடியாது. ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான நிறங்களை வைத்துக்கொண்டும், காஞ்சிபுரத்துத் தறி ஒன்று அநாயாசமாகச் செய்வதை ஒரு போன் செய்ய முடியாமல் தவிக்கிறது! நீலத்திலிருந்து பச்சைக்கு மெல்ல உருகும் கலவையைப் பின்னணியாக வைத்தால் கிட்டத்தட்ட அந்தச் சாயல் வரும். அவ்வளவுதான்.

ஜரிகையும் அப்படியே. தங்கம் மின்னுவது ஒளி அதன் மேல் பட்டுத் திரும்புவதால். திரையில் ‘தங்கம்’ என்று சொன்னால் வருவது தட்டையான ஒரு மஞ்சள். அதை வெள்ளைப் பின்னணியில் எழுத்தாகப் போடுகிற தீம்கள்தான் கடைவீதி முழுக்க! இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கிறார்கள். வெள்ளையில் கருப்பு என்றால் 21க்கு 1, அதற்கு மேல் கிடையாது. கண் நோகாமல் வாசிக்கச் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டு நெறி. சிஎஸ்எஸ் மொழியின் தங்கத்தை வெள்ளை மேல் வைத்துக் கணக்குப் போட்டேன். 1.4! எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அதே தங்கத்தை அரக்கு மேல் வைத்தேன். 7.8! திருப்பிப் போட்டு, மஞ்சள் தாளில் அரக்கு எழுத்து என்று வைத்தாலும் அதே 7.8தான். எந்த நெறிமுறையும் எழுதப்படாத காலத்தில், மஞ்சள் தாளையும் அரக்கு மசியையும் தேர்ந்தெடுத்த அச்சகத்துக்காரரின் கண்ணை என்னவென்று சொல்வது!

வயது ஏற ஏறக் கண்ணின் லென்சே மஞ்சளித்துப் போகும், உள்ளே போகும் வெளிச்சம் குறையும். உங்கள் கல்யாண வெப்சைட்டை மிகுந்த ஆசையோடு, திரும்பத் திரும்ப, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கப்போவது யார்? ஆச்சியும் தாத்தாவும்தான். தீமைக் கல்லூரித் தோழியிடம் காட்டி ‘சூப்பர்’ வாங்குவதற்கு முன்னால், வெயில் அடிக்கும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று தீம்கள் அந்தத் திண்ணையிலேயே தோற்றுப்போயின.

இன்னொரு சங்கதி. கருப்புப் பின்னணியை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் உங்கள் தளம் கருப்பாகத் தெரியலாம், தெரியுமா? ஓஎல்இடி திரைகளில் கருப்பு என்பது விளக்கை அணைத்துவிட்ட புள்ளி. பேட்டரி மிச்சமாகும், ராத்திரியில் கண்ணுக்கும் இதம். அதனால் பலர் போனை எப்போதும் டார்க் மோடில் வைத்திருக்கிறார்கள். சில பிரவுசர்கள் அந்த அமைப்பைப் பார்த்ததும் பளிச்சென்ற பக்கங்களைத் தாமாகவே கருப்பாக்கிவிடும். மங்கள மஞ்சளில் நீங்கள் கட்டிய பக்கம், சித்தப்பா கைபேசியில் கரும்பலகையாகத் திறந்தால்? ‘இந்தப் பக்கம் வெளிச்சத்தில் மட்டும்’ என்று தீமுக்குச் சொல்லிவைக்கிற ஒரு வரி சிஎஸ்எஸ் இருக்கிறது. வெப்சைட் செய்து தருபவரிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

எழுத்து! இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், செலவழித்ததில் எனக்குப் பெருமையும்கூட.

‘திருவளர்ச்செல்வன்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணினால் 10. கம்ப்யூட்டர் எண்ணினால் 17! ‘தி’ நமக்கு ஓரெழுத்து, அதற்கு ‘த’ ஒன்று, மேல்விலங்கு ஒன்று. ‘ர்’ நமக்கு ஒன்று, அதற்கு ‘ர’வும் புள்ளியும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 51 பைட். ஆங்கில எழுத்தென்றால் ஒன்றுக்கு ஒரு பைட்தான். இத்தனை துண்டுகளையும் சரியான இடத்தில் பொருத்தி நம் கண்ணுக்கு 10 எழுத்தாகக் காட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. தீமோடு வருகிற வளைந்து நெளியும் ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. தமிழைக் கண்டதும் அது ஒதுங்கிக்கொள்ளும், போன் தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்தை எடுத்துப் போடும். காட்சிப் பக்கத்தில் மணமக்கள் பெயர் தேவதை மாதிரி தெரிந்த அதே தீம், நம் பெயரைப் போட்டதும் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஆவது இதனால்தான்!

எந்த எழுத்துருவும் கைகொடுக்காவிட்டால் வெறும் கட்டம் கட்டமாக வரும். அந்தக் கட்டங்களுக்கு எழுத்துத் துறையில் ‘டோஃபு’ என்று பெயர், தெரியுமா? சோயா பனீர்த் துண்டு போல இருப்பதால்! உலகத்தின் எந்த மொழியிலும் டோஃபு வரக்கூடாது என்று கூகுள் செய்த எழுத்துருக் குடும்பம்தான் நோட்டோ. ‘நோ டோஃபு’ என்பதன் சுருக்கம். அதில் தமிழும் உண்டு. இன்னும் இருக்கின்றன: முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவனார். எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். கேட்டமரான் என்ற பெயரே நம் கட்டுமரம் கடல் தாண்டிப் போய் ஆங்கிலமாகித் திரும்பி வந்த பெயர். பலூ தம்பி கொழுகொழுவென்று இருக்கும், நலங்கு, மெஹந்தி பக்கத்துக்குக் கச்சிதம். சாய்ந்து நடக்கும் கவிவனாரில் மணமக்கள் பெயரை எழுதிப் பார்த்தபோது அக்கா மகள் ‘மாமா, இதுதான்!’ என்று துள்ளினாள்.

எழுத்துரு கிடைத்தாலும் தீமின் பழக்கவழக்கம் விடாது. வெளிநாட்டுத் தீம்களில் தலைப்பு எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடுவார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது கம்பீரம். தமிழுக்கு அது பல் விழுந்த மாதிரி. வரிகளுக்கு நடுவே இடம் குறைவாக இருந்தால் ‘கீ’யின் சுழியையும் ‘மூ’வின் வாலையும் மேல்வரியும் கீழ்வரியும் கடித்துவிடும். ‘திருநிறைச்செல்வி’ போன்ற நீளச் சொல் பெரிய அளவில் போனால் போன் திரையைத் தாண்டி ஓடிவிடும். ஆகவே தீமின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் வேலையாக உங்கள் வீட்டின் மிக நீளமான பெயரைத் தமிழில் அதில் போட்டு, சின்னப் போனில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பாதித் தீம்கள் உதிர்ந்துவிடும்.

இந்தத் திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வி விஷயத்திலேயே ஒரு நுணுக்கம் உண்டு, தெரியுமா? வீட்டில் இன்னும் கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைகள் இருந்தால் ‘திருவளர்’, கடைசிக் கல்யாணம் என்றால் ‘திருநிறை’ என்று போடுவது பல குடும்பங்களின் வழக்கம். ஒரே அடைமொழியில் ஒரு குடும்பத்தின் கணக்கையே சொல்லிவிடுகிறார்கள்! இதை ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்று இரண்டே கட்டம் கொடுக்கிற தீமில் எங்கே நுழைப்பது? எழுத விடுகிற தீம் வேண்டும்.

பழைய பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆவணி ௴ 12 ௳ என்று இருக்கும். ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி, ௸ என்றால் மேற்படி. அச்சகத்தோடு மறைந்துவிட்டன என்று நினைத்தேன். கிடையவே கிடையாது! 2003இல் வெளிவந்த யூனிகோட் 4.0இல் இந்தக் குறிகள் இடம்பெற்றுவிட்டன. இப்போது இந்தக் கட்டுரையில் நான் தட்டச்சிட்டது போலவே உங்கள் தளத்திலும் தட்டச்சிடலாம். இன்னும் கேளுங்கள். 2019இல் வந்த யூனிகோட் 12.0இல் நம் முந்திரி, மாகாணி முதலான பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 51 சேர்ந்தன. அதே பதிப்பில்தான் சேலைக்கு ஒரு இமோஜி, அகல் விளக்குக்கு ஒரு இமோஜி, கோயிலுக்கு ஒரு இமோஜி, ஆட்டோவுக்கும் ஒன்று! ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையும் ஒரே வண்டியில் வந்து இறங்கின மாதிரி இல்லையா?

தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையில் ‘ணை’, ‘லை’ எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்திருக்குமே! 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அந்தத் தும்பிக்கை போனது. ஆனால் கம்ப்யூட்டரின் உள்ளே பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒரே குறியீடுதான். உருவத்தை முடிவு செய்வது எழுத்துரு மட்டுமே. தும்பிக்கை வரைந்த எழுத்துரு கிடைத்தால், ஒரு எழுத்தையும் மாற்றித் தட்டாமல் உங்கள் தளம் தாத்தா காலத்துக்குப் போய்விடும்!

பிள்ளையார் சுழி போடாமல் பத்திரிகை உண்டா? தளத்துக்கும் போடலாம், அதற்கு அளவெடுத்து வைத்த மாதிரி ஒரு இடமும் இருக்கிறது. பிரவுசரின் மேல்விளிம்பில், பக்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு சின்னம் தெரிகிறதே, ஃபேவிகான். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் அறிமுகமானது. அகலம் 16 புள்ளி, உயரம் 16 புள்ளி, மொத்தமே 256 புள்ளிதான் அதன் பழைய அளவு. பெரும்பாலான படங்கள் அந்த அளவில் கசங்கிப்போகும். ‘உ’ மட்டும் கசங்காது! அரக்குக் கட்டத்தில் மஞ்சள் ‘உ’. யார் எந்த ஊரில் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே அது உட்கார்ந்திருக்கும்.

புள்ளி என்றதும் கோலம் நினைவுக்கு வந்துவிட்டது. கோலத்தைக் கம்ப்யூட்டர் அறிவியலின் ஒரு பாடமாகவே ஆக்கியவர்கள் நம் தாம்பரத்துக்காரர்கள், தெரியுமா? சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, வரிசை இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் புள்ளிக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு, ஒரு சிறு கோலத்திலிருந்து சில விதிகளை வைத்தே எத்தனை பெரிய கோலத்தையும் வளர்த்தெடுக்கலாம் என்று காட்டினார்கள். மார்கழி விடியலில் நம் அம்மாக்கள் குனிந்து போடுவதற்குள் இவ்வளவு கணிதம்! இது தீமுக்கு எப்படி உதவும் என்றால், கோலத்தைப் போட்டோவாகப் போட வேண்டியதில்லை. கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்று எழுத்தாலேயே சொல்லிவிடுகிற எஸ்விஜி என்ற படவகை இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறு தட்டாது, எடையும் மிகக் குறைவு. ரோஜாப்பூ தீமின் பின்னணிப் படம் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு சிக்குக் கோலம் சட்டென்று வந்து நிற்கும்.

தீம்களின் அறைகளையும் பாருங்கள். மேலைநாட்டுத் தீமில் ‘சடங்கு’, ‘வரவேற்பு’ என இரண்டு அறை. நமக்கோ நிச்சயதார்த்தம், பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன்! யாழ்ப்பாணத்து வழக்கமென்றால் தாலிக்குப் பொன்னுருக்கும் நாள் தனி. மேலைநாட்டுத் தீமில் தோழிகளின் படத்துக்கு வட்ட வட்டமாக இடம் இருக்கும். இங்கே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, அதன் கீழ் தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தை, பெரியப்பா என்று இருபது பெயர் வர வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் மனக்கசப்பு பத்து வருஷம் நிற்கும். இதற்கு இடம் கொடுக்காத தீம் எத்தனை அழகாக இருந்தும் நமக்கு ஆகாது என்பது என் தீர்மானம். பரிசுப் பட்டியல் பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக ‘மொய் தவிர்க்கவும்’ என்ற இரண்டே சொல்லை வைத்தோம்.

தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கும் என்று ஆசை காட்டும் தீம்கள் உண்டு. ஒலிக்காது! பார்ப்பவர் எதையாவது தொடும்வரை சத்தம் வரக்கூடாது என்று 2018 முதல் குரோம் பிரவுசரும், அதற்கு முந்தைய வருடமே சஃபாரியும் தடுத்துவிட்டன. ‘கெட்டிமேளம்’ என்று ஒரு பொத்தானை வைத்துவிடுங்கள், தொட்டால் கொட்டட்டும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் அதை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

முகூர்த்தத்துக்கு இன்னும் இத்தனை மணி நேரம் என்று ஓடும் கடிகாரம் எல்லாத் தீமிலும் இருக்கிறது. மதுரையில் காலை 6 மணி முகூர்த்தம் என்றால், டொராண்டோவில் இருக்கும் மாமாவுக்கு அது முதல் நாள் ராத்திரி! தை மாதத்தில் 7.30, ஆவணியில் 8.30, ஏனென்றால் கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பார்கள். கடிகாரத்துக்கு இந்திய நேரம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், பல தீம்கள் பார்ப்பவரின் ஊர்க் கணக்கிலேயே ஓடும். நேரலையைப் பார்க்க ஆசையோடு உட்காருகிற மாமா, தாலி கட்டிப் பத்து மணி நேரம் ஆன பிறகு வந்து சேர்வார்!

உங்கள் தீமை யாரும் முதலில் பார்ப்பதில்லை, தெரியுமா? முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பில் இணைப்போடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டிப் படத்தை. 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓபன் கிராஃப் என்ற ஏற்பாடு அது. 1200க்கு 630 என்ற அளவில் ஒரு படத்தை நீங்களே தயார் செய்து கொடுக்காவிட்டால், தீமின் மாதிரிப் படத்தில் இருக்கும் முன்பின் தெரியாத மணமக்கள் உங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் போய்ச் சேரக்கூடும்.

பத்திரிகையிலிருந்து தளத்துக்குப் பாலம் க்யூஆர் குறி. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா கார் பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. கோ என்ற பலகை விளையாட்டின் கருப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து வந்த யோசனை! உயர்ந்த பாதுகாப்பு நிலையில் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் அது வாசிக்கப்படும், அதனால் நடுவில் குட்டியாக ஒரு ‘உ’ வைக்கலாம். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்கள்தான் அதன் கண்கள், அவற்றைத் தொடக்கூடாது. பத்திரிகையின் நான்கு மூலையிலும் நாம் மஞ்சள் தடவுவோமே, க்யூஆரை அந்த மூலையில் அச்சிடாமல் உள்ளே தள்ளிப் போடுங்கள். பளபளக்கும் தங்கத் தகட்டிலும் வேண்டாம், வெளிச்சம் பட்டுத் திரும்பினால் கேமரா திணறும்.

முகவரியையே தமிழில் வைக்கலாம் என்பது தெரியுமா? .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணைய முகவரிகளை மூன்று நாடுகள் பெற்றிருக்கின்றன!

தீம் என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில், 2022 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமம் ஒன்றில் தாலி கட்டிய ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையின் ஹாக்வார்ட்ஸ் கோட்டைதான் தீம். விருந்தினர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பொம்மை உருவில் வந்தார்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவர் மணப்பெண்ணின் அப்பா. அவர் முன்பே காலமாகிவிட்டவர்! மகளுக்காக அவர் உருவத்தைத் திரையில் எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். மந்திரக்கோட்டை தீம் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒட்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த அப்பா அங்கே இருந்தது ஒன்று போதும்.

எங்கள் வீட்டுத் தீம் எது என்று சொல்லவில்லையே! கடைசியில் படமே இல்லாத, வெறும் சட்டகம் போன்ற இலவசத் தீம் ஒன்றை எடுத்தோம். நிறத்துக்குப் பெரியம்மாவிடம் போனோம். அவர் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்தார், போனில் படம் எடுத்தோம். சுண்ணாம்பு போட்டார், மறுபடி எடுத்தோம். படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியால் தொட்டதும் இரண்டுக்கும் எண் கிடைத்துவிட்டது. பின்னணிக்கு அந்த மஞ்சள், எழுத்துக்கு அந்தச் சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி வைத்தோம். திண்ணைத் தாத்தா கண்ணாடி இல்லாமலே வாசித்தார்.

இணைய முகவரியை வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், விட்டால் போய்விடும். ஆனால் 1996இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், வெப்சைட்டுகளைத் தேதி வாரியாகச் சேமித்துவைக்கிறது. முகவரியைக் கொடுத்தால் அந்த நிமிடத்துப் பக்கத்தைப் பத்திரப்படுத்தும். எங்கள் தளத்திலிருந்து போன் எண்ணையும் வீட்டு விலாசத்தையும் முதலில் நீக்கினோம். தாலி கட்டிய மறுநாள் காலை, மறுவீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அக்கா மகள் வாசலில் நின்றபடியே சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். பெரியம்மா ஆரத்தித் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார்.